க்ரூ: ஒரு மந்தபுத்தி வாள்வீரனின் கதை ஏன் சலிப்பதில்லை?
கோனன் போன்ற காட்டுமிராண்டி வீரர்களைக் கேலி செய்யும் 'க்ரூ' காமிக்ஸ், ஒரே முட்டாளை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை காலம் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் பக்க ஓரங்களில் குட்டிக் கேலிச்சித்திரங்கள் வரைந்து பெயர்பெற்ற செர்ஜியோ அரகோனேஸ் 1982இல் அச்சுக்குக் கொண்டுவந்த க்ரூ, வாள்வீச்சில் எவராலும் வெல்ல முடியாதவன், மூளைதான் மந்தம். ஆகவே அவன் தோற்பதில்லை, அவன் உதவப்போன ஊர்தான் அழிகிறது. அவன் கால் வைத்த கப்பல் மூழ்கும். அவன் வருகிறான் என்றாலே படைகள் சிதறி ஓடும். முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அது எந்த வழியாக வந்து சேரும் என்பதில்தான் சுவை இருக்கிறது. அவனை மாவீரன் என்று நம்பும் ரஃபெர்ட்டோ என்ற நாயைக்கூட, க்ரூ முதலில் உணவாகத்தான் பார்த்தான். மார்க் எவானியரின் வசனங்களும் நன்றுதான். எனினும், எண்ணற்ற குட்டி உருவங்கள் நெருக்கியடிக்கும் இரட்டைப் பக்கச் சித்திரங்களே எனக்குப் பெருவிருந்து.