ஆர்.ஓ.வில் தண்ணீர் சொட்டுதா? கேளுங்க, சொல்றேன்

ஆர்.ஓ. மெஷினில் பிரஷர் இல்லை, தண்ணீர் நூலாக வருகிறது என்ற கேள்விகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். எந்த கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். வேஸ்ட் தண்ணீர்க் குழாயில் யாரும் கை வைக்காதீர்கள். காரணம் கீழே வரும்.

திருநெல்வேலி பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, மொட்டை மாடியில் தொட்டி, கீழே சமையலறையில் ஆர்.ஓ. சிங்க் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. மெஷினில் மட்டும் ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகிறது. தொட்டியை உயர்த்திக் கட்டலாமா?

கொத்தனாருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் அளப்பார்கள்; ஒரு அடி உயரத்துக்கு 0.43 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். உங்கள் தொட்டி மெஷினுக்கு மேலே 10 அடியில் இருந்தால் 4 பி.எஸ்.ஐ. சொச்சம். வீட்டு மெஷினில் உப்பை வடிக்கும் சவ்வான மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்ய 50, 60 வேண்டும். அதைத் தொட்டி உயரத்தாலேயே எட்ட 115 அடிக்கு மேல் கோபுரம் கட்ட வேண்டும். சிங்க் குழாயில் கொட்டுவது தண்ணீரின் அளவு. மெம்பரேன் கேட்பது அழுத்தம். அதைக் கொடுக்கத்தான் மெஷினுக்குள் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் இருக்கிறது. ஆகவே, பம்ப் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெம்பரேனுக்குச் சற்று முன்னால் ஒரு டி இணைப்பு போட்டு பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் சாமான். முள் 60க்கு மேல் நின்றும் நல்ல தண்ணீர் சொட்டுகிறது என்றால் மெம்பரேன் அடைத்திருக்கிறது. முள் 30, 40க்கு மேல் ஏறவில்லை என்றால் மெம்பரேனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வெளியே தொங்கும் ஸ்பன் ஃபில்டரைப் பாருங்கள். செம்மண் நிறமாக இருந்தால் மாற்றுங்கள். அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. சும்மா அளந்தால் 24 வோல்ட் காட்டும், பம்ப் ஓடும்போது 18க்கு இறங்கிவிடும். பம்ப் சத்தம் மட்டும் போடும், அழுத்தம் தராது. ஓட்டத்தில் அளக்காத மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்லுவார். கார்பன் ஃபில்டர் அடைப்பு அதற்கும் அடுத்தது. பம்ப் ஹெட் தேய்ந்திருப்பது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 காலன்) என்று எழுதிய மெம்பரேன், கம்பெனி சொல்லும் அழுத்தத்திலும் உப்பிலும் மணிக்கு 12 லிட்டர்போல் தரும். நம்ம ஊர்த் தண்ணீரில் அதைவிடக் குறையும். குடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனால் அது பழுது இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து: பம்ப் நிமிஷத்துக்கு ஒருதரம் நின்று நின்று ஓடுகிறது.

ஸ்பன் ஃபில்டர் அடைப்பு. பம்ப் உறிஞ்சும்போது வரத்து பத்தாமல் லோ பிரஷர் சுவிட்ச் அணைக்கிறது, கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி போடுகிறது. ஃபில்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் தொட்டியிலிருந்து வரும் வால்வு பாதி மூடியிருக்கும். சுவிட்சை எடுத்துவிட்டு நேராக ஒயர் கொடுக்கச் சொல்வார்கள். விடாதீர்கள், தண்ணீர் இல்லாமல் ஓடி பம்ப் கெட்டுப்போகும்.

திசையன்விளையிலிருந்து: போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 2,200. மெம்பரேன் மாற்றி நாலு மாதத்தில் மறுபடி சொட்டு. மெக்கானிக் இன்னொரு மெம்பரேன் என்கிறார்.

அவருக்கு அது சுலபம். உங்கள் கணக்கே வேறு. தண்ணீரில் 100 டி.டி.எஸ்.ஸுக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. வீதம் உப்பே எதிர்த்துத் தள்ளும். 2,200க்கு 22 போச்சு. தண்ணீர் மெம்பரேனுக்குள் போகப் போக உப்பு கெட்டியாகும், எதிர்ப்பு இன்னும் ஏறும். பேட்டைக்காரருக்குப் போதுமான 60 உங்களுக்குப் போதாது. 100 ஜி.பி.டி. பம்ப், அதற்கேற்ற எஸ்.எம்.பி.எஸ்., கேஜில் 80 பக்கம். அதுதான் உங்களுக்குச் சரி.

ஆனால் நாலு மாதத்தில் அடைப்பதற்குக் காரணம் கடினத்தன்மை. உங்கள் வீட்டு வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் மெம்பரேனிலும் படிகிறது. மெஷினுக்கு முன்னால் கடினத்தன்மையை எடுக்கும் சின்ன சாஃப்ட்னர் போடுங்கள்; குறைந்தது படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் ஃபில்டராவது வேண்டும். வேஸ்ட் தண்ணீரை அளவாக விடும் எஃப்.ஆர்.ஐயும் கழற்றிப் பாருங்கள். அதில் சுண்ணாம்பு அடைத்து வேஸ்ட் தண்ணீர் குறைந்திருந்தால் மெம்பரேன் வேகமாகச் சாகும்.

மேலப்பாளையத்திலிருந்து: வேஸ்ட் குழாயை லேசாகக் கிள்ளிக் கட்டினால் நல்ல தண்ணீர் அதிகம் வருகிறதே, பக்கத்து வீட்டில் செய்திருக்கிறார்கள்.

வரும். கொஞ்ச காலம் வரும். உப்பு வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் குழாய். கிள்ளினால் மெம்பரேனுக்குள் உப்பளம் போட்ட மாதிரிதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அடுத்த மெம்பரேன் எப்போது வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள்.

வள்ளியூரிலிருந்து: எந்த கம்பெனி வாங்கலாம்?

முதல் பத்தி.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஆற்றுத் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரில் 80 காட்டுகிறது. ஆர்.ஓ. மெதுவாக இருக்கிறது, தனி பூஸ்டர் பம்ப் சொல்லிவிட்டேன். சரிதானே?

பம்பை ரத்து செய்யுங்கள், ஆர்.ஓ.வையும் கழற்றுங்கள். தாமிரபரணி தண்ணீரில் எந்த உப்பை எடுக்கப் போகிறீர்கள்? குடிநீருக்கு 500 வரை நல்லது என்பது இந்தியத் தர அளவு. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடத்தில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே அரசுக்கு உத்தரவிட்டது. உங்களுக்கு யு.எஃப். வடிகட்டியும் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் போதும். யு.எஃப். மாடித் தொட்டி அழுத்தத்திலேயே ஓடும், பிரஷர் பிரச்சினையே கிடையாது.

(இதற்கு வந்த மறுப்புகள் மற்ற கேள்விகளைவிட அதிகம்.)

டவுனிலிருந்து: ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பது உங்களுக்குத் தெரியாதா? அம்பையில் உட்கார்ந்து பேசலாம். சிந்துபூந்துறை ஆற்றங்கரையில் வந்து நின்று பாருங்கள்.

நின்று பார்த்துத்தான் சொல்கிறேன். சாக்கடை கலந்தால் பயம் கிருமிக்கு. கிருமியைக் கொல்ல யு.வி. இருக்கிறது, கொதிக்க வைக்க அடுப்பு இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டவே காட்டாது. 80 என்றாலும் குடித்துவிடாதீர்கள், 800 என்றாலும் சாக்கடை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: வயலில் அடிக்கிற மருந்து, உரம்? அதைக் கொதிக்க வைத்தால் போகுமா?

நல்ல கேள்வி. போகாது. பூச்சிமருந்தில் பலவற்றை கார்பன் ஃபில்டர் பிடிக்கும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டை கார்பன் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். பரிசோதனை இல்லாமல் பயத்துக்கு மெஷின் வாங்குவதைத்தான் திட்டுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: எங்க வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

கேட்டீர்களா டவுன்காரரே! 80ஐ 10 ஆக்கி, ருசி இல்லை என்று பச்சைத் தண்ணீரையே மறுபடி கலக்கிறார்கள். பொதிகையிலிருந்து வந்த தண்ணீரில் பாதிக்கு மேல் சாக்கடைக்கு, மீதியில் கலப்படம், அதற்கு வருஷச் சந்தா வேறு.

டவுனிலிருந்து, மறுபடி: என் வீடு, என் காசு.

சரி. காசு உங்களுடையது, ஆறு எல்லாருடையது. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வண்ணார்பேட்டையிலிருந்து: கார்ப்பரேஷன் குழாயில் நேராக மோட்டார் போட்டு ஆர்.ஓ.வுக்கு இழுக்கலாமா?

கூடாது. பிடித்தால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். சம்பில் பிடித்து, மேலே ஏற்றி, அங்கிருந்து கொடுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: தண்ணீர் மெதுவாக வருகிறது, என்ன செய்ய?

பேட்டைக்காரருக்குச் சொன்ன பதில்.

ராதாபுரத்திலிருந்து: அண்ணாச்சி, தண்ணீர் ரொம்ப மெதுவாக…

போர் தண்ணீராக இருந்தால் திசையன்விளைக்காரருக்குச் சொன்னது. கேஜ் மாட்டாமல் அடுத்த கேள்வி கேட்காதீர்கள்.

களக்காட்டிலிருந்து: மார்கழியில் மட்டும் குறைகிறது.

தண்ணீர் குளிர்ந்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் குறையும். தை கழிந்தால் சரியாகிவிடும், எதையும் மாற்றாதீர்கள்.

பணகுடியிலிருந்து: டேங்க் நிறைந்திருக்கிறது, குழாயில் மட்டும் சொட்டு.

அது பிரஷர் பிரச்சினை இல்லை. சுவரில் மாட்டும் மெஷினில் டேங்கிலிருந்து தண்ணீர் தானாக இறங்குகிறது. குழாயைக் கழற்றிக் கழுவுங்கள், மேலே காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து: மெஷினை அணைத்த பிறகும் வேஸ்ட் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயை மடக்கிக் கட்டிவிடவா?

மறுபடியும் வேஸ்ட் குழாயா! மெஷினுக்குள் தண்ணீரை நிறுத்தும் எஸ்.வி. வால்வு மூடவில்லை. அதை மாற்றுங்கள். அதுவரை ராத்திரி படுக்கப் போகும்போது மெஷினுக்கு வரும் வால்வை அடைத்துவிடுங்கள்.