அறிவியல் கேள்வி - பதில்: சிரட்டைக் கரிக்குள் 50 சென்ட்

கேள்வி: தேங்காய்ச் சிரட்டைக் கரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி சூப்பர்கெபாசிட்டர் (மின்னூட்டத்தை வேகமாகச் சேமித்துத் தரும் சாதனம்) எலக்ட்ரோடு செய்தோம். இரண்டு எலக்ட்ரோடுகளின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் மின்னூட்டம் தேக்கும் திறன் கிராமுக்கு 45 ஃபாரட்தான் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் 180, 200 என்கிறார்களே? டிஸ்சார்ஜ் தொடங்கியதும் 0.1 வோல்ட் சட்டென்று இறங்குவது ஏன்?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: 45 மோசமான எண் அல்ல. கட்டுரைகளில் பெரும்பாலும் ஒற்றை எலக்ட்ரோடின் மதிப்பைத் தருவார்கள். உங்கள் செல்லில் இரண்டு கெபாசிட்டர்கள் தொடராக நிற்பதால் ஃபாரட் பாதியாகிறது, எடையோ இரட்டிப்பு. ஆகவே 45-ஐ 4-ஆல் பெருக்குங்கள், 180 வரும்.

ஆனால் அந்த எண்ணை நம்புவதற்கு முன், கரியைத் தாங்கும் நிக்கல் நுரையை (துளை நிறைந்த நிக்கல் தகடு), கரி பூசாமல் வெறுமையாக, செல்லில் உள்ள அதே காரக் கரைசலில் சோதித்துப் பாருங்கள். நிக்கலின் மேல் உருவாகும் ஹைட்ராக்சைடும் மின்னூட்டம் காட்டும். எலக்ட்ரோடில் 1 மில்லிகிராம் கரிதான் இருந்து, தராசு 0.1 மில்லிகிராம் வரைதான் காட்டுமென்றால் எடையிலேயே 10 சதவீதப் பிழை வந்துவிடும்.

0.1 வோல்ட் இறக்கம் உள்மின்தடையால் வருவது. கரி, மின்கடத்தும் கார்பன் பிளாக் தூள், துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர் 80:10:10 என்ற எடை விகிதத்தில் இருக்கட்டும். பைண்டர் கூடினால் துகளைச் சுற்றி மின்கடத்தாத தோல் படியும். பூச்சு தடித்தால் காயும்போது விரிசல் விடும். காய்ந்த பின் 10 மெகாபாஸ்கல் அளவில் அழுத்துங்கள். செல்லின் கரைசல் 6 மோலார் அடர்வுள்ள காரமென்றால், அதில் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் பைண்டர் நாள்பட்டால் சிதையும். டெஃப்லான் பைண்டர் தாங்கும்.

அடுத்து, கழுவுதல். கரிக்கு மூன்று மடங்கு ஹைட்ராக்சைடு சேர்த்து, நைட்ரஜனில் 800 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கும்போது ஹைட்ராக்சைடும் அதிலிருந்து உண்டாகும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரியை அரித்துத் துளையிடுகின்றன. பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவு. நன்றாக அமைந்தால் ஒரு கிராமுக்குள் 2,000 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 50 சென்ட் பரப்பு! மிஞ்சிய கார்பனேட் அந்தத் துளைகளை அடைத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு சூடான காய்ச்சி வடித்த நீரில், வடிநீரின் பிஎச் 7 ஆகும் வரை அலசுங்கள். கடலோரக் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் குளோரைடும் கரியிலேயே தங்கும்.

ஒரு எச்சரிக்கை: உலை முழுதாக ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள். உள்ளே பொட்டாசியம் உலோகம் இருக்கலாம், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். பீங்கான் மூசையையும் (உலையில் வைக்கும் கிண்ணம்) காரம் தின்றுவிடும். நிக்கல் மூசை நல்லது.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டருக்கு பேட்டரிக்குப் பதில் சூப்பர்கெபாசிட்டர் போடலாமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கட்டுப்படியாகாது. 2.7 வோல்ட், 3,000 ஃபாரட் செல்லில் அடங்குவது 3 வாட்-மணி; 9 வாட் எல்இடி பல்பு 20 நிமிடம் எரியும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஈடாக அப்படி 600 செல் வேண்டும். சூப்பர்கெபாசிட்டரின் பலம் வேகத்தில் இருக்கிறது. சில வகைக் காற்றாலைகளில் மின்தொடர்பு அறுந்தால், இறக்கைகளைத் திருப்பிச் சுழற்சியை நிறுத்தத் தேவையான சில நொடி மின்சாரத்தை அதுதான் கொடுக்கிறது.