வீட்டை இப்போதே மகன் பேரில் எழுதிவிடலாமா?

வணக்கம் மேடம்.

எனக்கு 66 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரில் 31 வருடம் மாவு மில் நடத்தினேன். என் மனைவியின் நகையை விற்றுத்தான் முதல் மோட்டார் வாங்கினேன். முழங்கால் வலி தாங்காமல் போன வருடம் மில்லைக் கைமாற்றிவிட்டேன். அதில் வந்த பணத்தில் 12 லட்சத்தை தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 24,600 ரூபாய் வட்டி வருகிறது. பேங்கில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. குடியிருக்கும் வீடும் என் சுயசம்பாத்தியம்தான்.

மகனுக்கு 34 வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்தமாக லேத் பட்டறை போட ஆசைப்படுகிறான். வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் பண்ணிக் கொடுத்தால், அதை வைத்து லோன் எடுப்பதாகச் சொல்கிறான். “எப்படியும் எனக்குத்தானேப்பா வரப்போகுது, இருக்கும்போதே குடுத்தா என்ன?” என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டான். பார்க்கலாம் என்றேன். அதிலிருந்து போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. பேரனை வீடியோ காலில் காட்டுவதும் குறைந்துவிட்டது. மகளைக் கரூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் எதுவும் கேட்கவில்லை.

நான் தயங்குவதற்குக் காரணம் என் அண்ணன். நாலு வருடம் முன்பு வீடு, தோட்டம் எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். போன மாதம் அவரை மெடிக்கல் ஷாப்பில் பார்த்தேன். பிரஷர் மாத்திரை அட்டையை நீட்டி, “இதுல நாலு மட்டும் வெட்டிக் குடுப்பா” என்றார். வீட்டில் எண்ணிக் கொடுத்த காசு அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் என் மகன் அப்படிச் செய்கிறவன் இல்லை. சின்ன வயதில் மில்லில் மாவு மூட்டை மேல் தூங்கி வளர்ந்தவன். “இதெல்லாம் யாருக்கு? உனக்குத்தானேடா” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இப்போது மறுத்தால் நான் பேச்சு மாறியவன் ஆகமாட்டேனா? ராத்திரி தூக்கம் இல்லை. மனைவி அழுகிறாள். எழுதிக் கொடுத்துவிடலாமா?

அன்புள்ள ஐயா,

வீட்டை இப்போது எழுதிக் கொடுக்க வேண்டாம். தூக்கமில்லாமல் காத்திருக்கிறீர்கள், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் அண்ணனின் மாத்திரை அட்டையைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது “உனக்குத்தானேடா” என்ற வார்த்தையைத்தான். பிள்ளை மேல் வைத்த பாசத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாத அப்பாக்கள் அதை இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வாக்கு. தன்னுடையது அப்பாவிடம் இருக்கிறது, நேரம் வந்தால் தருவார் என்றே நினைத்திருப்பார். அதனால் அவர் கேட்டதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். நீங்கள் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தது, ‘அப்பா என்னை நம்பவில்லை’ என்று அவருக்குப் பட்டிருக்கும்.

ஆனால் பேரனைக் காட்டாமல் இருப்பது தப்பு. அந்த ஏக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது மனமறிந்து கொடுத்ததாக இருக்காது. அடுத்த தேவைக்கும் இதே மௌனம் வரும்.

இன்னொன்று. உங்கள் மனைவி கடிதத்தில் நகையைக் கொடுக்கிறார், அழுகிறார். அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. பத்திரம் உங்கள் பேரில் இருக்கலாம், ஆனால் அந்த மில்லின் முதல் மோட்டார் அவர் கழுத்திலிருந்து வந்தது. உங்களுக்குப் பின் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரும் அநேகமாக அவர்தான். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வெட்டி வாங்கும் நிலை அவருக்கு வரலாமா என்று யோசித்துப் பாருங்கள். மகனிடம் பேசுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். மகள் கேட்கவில்லை என்பதால் அவருக்கு எதிர்பார்ப்பே இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பெண்கள் கேட்காமலே இருந்து, பிறகு பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானால் வீடு அன்றைக்கே மகனுடையது. மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை. இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்திட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வீடு முதலில் மனைவியின் ஆயுள் வரை அவருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதி வையுங்கள். வக்கீல் ஒருவரிடம் காட்டி எழுதுவது நல்லது.

‘எழுதித் தர வேண்டாம், அடமானத்துக்குக் கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று அடுத்து கேட்கலாம். கடன் கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்குப் போவது அதே வீடுதான். பட்டறைத் தொழிலில் ஆர்டர் ஆறு மாதம் வராமல் போவது அவருடைய நேர்மையைப் பொறுத்தது இல்லையே. நல்ல பிள்ளைகளுக்கும் தொழில் நொடிக்கிறது.

உதவி செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். தபால் ஆபீஸ் பணம் உங்கள் இரண்டு பேரின் சாப்பாடு, அதைத் தொட வேண்டாம். பேங்கில் இருக்கும் 4 லட்சத்தில் வைத்தியத்துக்கு ஒதுக்கியது போக ஒரு தொகை கொடுங்கள். திரும்பி வராவிட்டாலும் மனம் கசக்காது என்று தோன்றும் தொகையாக இருக்கட்டும். மீதிக்கு அவர் முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன்கள் பற்றி விசாரிக்கட்டும். ஒரு மெஷினில் தொடங்கட்டும். நீங்களும் ஒரு மோட்டாரில்தானே தொடங்கினீர்கள்.

இதைப் போனில் சொல்லாதீர்கள். கோயம்புத்தூருக்கு நீங்களே பஸ் ஏறிப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. “உனக்குத்தான்னு நான் சொன்னது நிஜம்ப்பா. ஆனா அம்மாவும் நானும் இருக்கிற வரைக்கும் அந்த வீடு எங்களுக்கு வேணும்” என்று சொல்லுங்கள். மருமகளும் இருக்கும்போது சொல்லுங்கள். கோபப்படுவார். சில வாரம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். நீங்கள் பேரனிடம் பேசுவதற்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

அப்புறம், உங்கள் அண்ணன். அவருக்கு இன்னும் வழி இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவின்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பத்திரத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், அன்பினால் கொடுத்ததிலேயே அது அடங்கியிருக்கிறது என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திர நகலோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்திரத்தை ரத்து செய்ய விருப்பமில்லை என்றால், மாதாமாதம் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்டும் மனு செய்யலாம். முதியோர் உதவி எண் 14567-ல் விவரம் சொல்வார்கள்.

மகன் மேல் மனுவா என்று அவர் கூசுவார். அன்று அட்டையைப் பையில் மறைத்தவர் அவராகப் போய்க் கேட்கமாட்டார். நீங்கள் கூடப் போங்கள்.