தாத்தாவின் நாற்காலியை விற்கலாமா?

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கடலூர்ப் பெண். வேலை, குடும்பம் எல்லாம் இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில். கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) இருந்த எங்கள் தாத்தா வீட்டைப் போன வருஷம் விற்றுவிட்டார்கள். பங்கு பிரித்தது போக என் கைக்கு வந்தவை தாத்தாவின் பிரம்பு சாய்வு நாற்காலி, அவர் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச், பாட்டியின் பித்தளை காபி ஃபில்டர். நாற்காலியில் பிரம்பு நடுவில் தொய்ந்து, ஒரு ஓரத்தில் அறுந்திருக்கிறது. பீச் பக்கம் கஃபே வைத்திருக்கும் ஒருவர் 'வின்டேஜ் பீஸ்' என்று சொல்லி நல்ல விலைக்குக் கேட்கிறார். வீட்டுக்காரர், "இடத்தை அடைக்குது, கொடுத்துடு" என்கிறார். வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனால் "ஸ்டைலுக்கா?" என்று கேட்கிறார்கள். படம் எடுத்துப் போட்டேன், நிறைய லைக் வந்தது, அப்புறம் எனக்கே கூச்சமாகிவிட்டது. சாப்பாடு, காபி, பஸ் பயணம், பழைய பொருட்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். இந்த ஆசையெல்லாம் உண்மையா, வெறும் பாவனையா? இன்னொன்று, வீடு விற்றபின் அப்பா கடலூர்ப் பக்கமே போகவில்லை. அதுவும் மனதில் உறுத்துகிறது.

எஸ்., லாஸ்பேட்டை

அன்புள்ள எஸ்.,

நாற்காலியை விற்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான், சாய்வு நாற்காலி இடத்தை அடைக்கும். ஆனால் உட்கார முடியாமல் கிடப்பதால்தான் அது அடைசலாகத் தெரிகிறது. பின்னி எடுத்து ஜன்னலோரம் போட்டுப் பாருங்கள், அதில் முதலில் போய் உட்காருகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பிரம்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நாற்காலியைக் கவிழ்த்து அதன் சட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். பிரம்பின் மேல்தோலை நாராக உரித்து, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் துளைகள் வழியாக முதலில் நீளவாட்டில் இழுப்பார்கள், அப்புறம் குறுக்கே, கடைசியில் இரண்டு பக்கமும் மூலைவாட்டில். எல்லாம் கூடி வரும்போது எட்டு மூலை வைத்த சின்னச் சின்னக் கண்கள் விழும். ஈரமாகப் பின்னியது காயக்காய இறுகும். மறுநாள் விரலால் சுண்டினால் விண்ணென்று நிற்கும். நாரின் மேல்பக்கம் வழவழப்பு, அதில் தண்ணீர் ஏறாது. அடிப்பக்கம் சொரசொரப்பு, ஈரத்தைக் குடிப்பது அதுதான். அதனால் வெறும் தொய்வு மட்டும் என்றால் புதிதாகப் பின்ன வேண்டியதே இல்லை. கவிழ்த்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் விரித்து, நன்றாக ஊறியதும் எடுத்துவிட்டு நிழலில் காயவிட்டால் தொய்வு பெருமளவு தானே ஏறிவிடும். உங்களுடையது அறுந்திருப்பதால் முழுசாகப் பின்னத்தான் வேண்டும்.

அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னிக் கொடுத்தவர்களில் பார்வையற்றவர்கள் பலர். விரல் நுனியாலேயே துளையை எண்ணி, இழை பிசகாமல் இழுத்துக் கட்டுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியும் குஷன் நாற்காலியும் வந்தபின் அந்த வேலை குறைந்துபோனது பெரிய வருத்தம். ஆனாலும் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுங்கள், ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை அது. பிளாஸ்டிக் ஒயர் போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒயர் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிரம்புக் கண்களுக்குள் காற்று ஓடும், சாய்ந்து படுத்தால் சட்டை ஈரம் தானாகவே உலரும். அந்தச் சுகத்துக்காகச் செய்த நாற்காலி அது.

கஃபே விஷயத்துக்கு வருகிறேன். பிரம்புக்குக் காற்றில் ஈரம் வேண்டும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது உலர்ந்து மொறுமொறுத்து ஒடியும். உங்கள் தாத்தா நாற்காலி இத்தனை வருஷம் நின்றதற்குக் கடற்காற்றும் ஒரு காரணம். அதோடு, இப்படி வாங்கப்பட்ட நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு மேலே பூந்தொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு கஷ்டப்படும். உட்காருவதற்கென்று ஒருவர் இழைத்த மரம், இன்னொருவர் பின்னிய பிரம்பு, அதில் ஆள் உட்கார வேண்டும்.

பாவனையா என்ற கேள்விக்கும் என் பதில் இதுதான். உங்கள் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அந்த வீட்டின் கீழ்த்தளம் செதுக்கிய மரத்தூண்களோடு நம் ஊர்க் கட்டு, மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். இன்றைக்கு நாம் அதைப் பாரம்பரியம் என்று போற்றுகிறோம். எழும்பிய காலத்தில் அதுதான் புது மோஸ்தர். அவருக்கு இரண்டும் பிடித்திருந்தன, இரண்டையும் வைத்துக் குடும்பத்தோடு வாழ்ந்தார். உங்கள் தாத்தாவும் மணி பார்க்கத்தான் வாட்ச் வாங்கினார். நீங்களும் மணி பார்க்கக் கட்டுங்கள், யார் என்ன கேட்டால் என்ன? படம் போட்டதிலும் தப்பில்லை. அழகாக இருப்பதை நாலு பேருக்குக் காட்டத் தோன்றும். ஆனால் அன்று சாயங்காலமும் அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. ஜனதா சாவி கொடுக்கிற ரகம், 17 கல் வைத்தது, ஆடம்பரம் இல்லாத வெள்ளை முகம். வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இருந்தாலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ரிப்பேர்க்காரர்கள் நம் ஊர்களில் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். டிராயரில் கிடந்த வாட்ச் என்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கும், முதலில் ஒரு சர்வீஸ் கொடுத்துவிடுங்கள். அப்புறம் தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் ஆகவே ஆகாது, பீச்சில் கால் நனைக்கப் போகும்போது பைக்குள் போட்டுவிடுங்கள்.

ஃபில்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஈயப்பூச்சு (வெள்ளீயம்) போயிருந்தால் பூசிய பிறகே புழங்குங்கள். காபிப்பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வாங்குங்கள். சிக்கரி கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை, 100 கிராமில் 20 கிராம் இருந்தால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் கூடும்.

இந்த மூன்றையும்விட அப்பா விஷயம்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். கார் வேண்டாம். அவருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிடுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை, இந்தப் பெயர்கள் வரிசையாக வரும்போதே அவர் பேச ஆரம்பித்துவிடுவார். தென்பெண்ணைப் பாலம் தாண்டியதும் குண்டு உப்பலவாடி என்ற ஊர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்கும் நிலம் என்று பேச்சு. அந்தக் கதையைக் கடலூர்க்காரர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், உங்கள் அப்பாவிடமும் ஒன்று இருக்கும். பதநீர் சீசனாக இருந்தால் வழியில் பனைமரத்தடியில் இறங்கிக் குடியுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் புளிக்காமல் இனிக்கிறது, அதையும் வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும்.

ஓ.டி.யில் பழைய வீடு இருக்கும் தெருவுக்கு அவராகக் கேட்டால் ஒழியப் போகாதீர்கள். நேராகத் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள், காலையில் மீன் ஏலம் நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகு போகாது, நாட்டுப்படகில் கரையோரம் பிடித்ததுதான் கிடைக்கும். எனக்கு அந்த நாட்களும் பிடிக்கும். மாங்காய் வருகிற நேரம் அது, நெத்திலியும் மாங்காயும் போட்ட குழம்புக்கு வஞ்சிரம் எதற்கு? காரப்பொடி மீன் கிடைத்தாலும் விடாதீர்கள்.

வாங்கும்போது அப்பாவை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சின்ன மீனைக் கையில் அள்ளியே சொல்லிவிடுவார். அன்றைக்கு மத்தியானம் என்ன குழம்பு வைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.