டெங்குவுக்குப் பின் எலும்பு மஜ்ஜை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐப்பசி மழையில் என் கணவருக்கு (46) டெங்கு வந்தது. தட்டணு (பிளேட்லெட்) 28,000 வரை இறங்கி, இப்போது 2.1 லட்சம். வைரஸ் ரத்த ஸ்டெம் செல்களை அழித்துவிடும், சீக்கிரம் முதுமையாக்கிவிடும் என்கிறார்களே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களையெல்லாம் உருவாக்கும் தாய்ச் செல்கள்தான் ரத்த ஸ்டெம் செல்கள். அவை அழிந்திருந்தால் 2.1 லட்சம் வந்திருக்காது. தட்டணுவின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான். இன்று அவர் ரத்தத்தில் ஓடுபவை, மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பியவை. டெங்குவின் முதல் நாள்களில் மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். போதாததற்கு, இருக்கும் தட்டணுக்களை நம் எதிர்ப்பாற்றலே அழிக்கும். இரண்டுமே தற்காலிகம்.

முதுமை பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ரத்த ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை பிரிந்து பெருகாமல் உறங்கிக்கிடப்பவை. அந்த உறக்கம்தான் அவற்றின் இளமை. வைரஸ் நுழைந்ததும் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் அவற்றை எழுப்பிவிடுகிறது. எலிகளில் 2009-லேயே இதைக் கண்டார்கள். 2015-ல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், வைரஸ் ஆர்என்ஏ (வைரஸின் மரபுப்பொருள்) போன்ற ஒரு பொருளை எலிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார்கள். எழுந்து பிரிந்த செல்களின் டிஎன்ஏ சேதமானது. அதைச் சரிசெய்யும் ஃபேன்கோனி மரபணு ஒன்று இல்லாத எலிகளுக்கு மஜ்ஜையே வற்றிப்போனது.

மனிதர்களிலும் இப்படி ஒரு மரபணு கெட்டுப் பிறப்பதுண்டு; அதுதான் ஃபேன்கோனி ரத்தசோகை. சொந்தத்தில் கல்யாணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். வளர்த்தி குறைவு, கட்டைவிரலில் குறை, தோலில் பழுப்புத் திட்டு உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டும் ரத்த அணுக்கள் ஏறவில்லை என்றால், குரோமோசோம் உடைவுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

ஒரு தடவை வந்த டெங்கு, அந்தத் தொடர் ஊசிகளுக்குச் சமமல்ல. உங்கள் கணவருக்குக் காய்ச்சல் விட்டு 2 வாரத்தில் ஒரு சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) போதும். வெள்ளையணுவோ ஹீமோகுளோபினோ குறைந்தே இருந்தால் ரத்த ஸ்மியர் (அணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது), ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதெல்லாம் அதற்கும் பிறகுதான்.

கேள்வி: தங்கைக்கு ஸ்டெம் செல் தரப்போகிறேன். எனக்கு சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ். தரலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமாக. சிஎம்வி என்பது சைட்டோமெகலோ வைரஸ்; ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அது உங்களுக்கு முன்பே வந்திருக்கிறது என்று பொருள். நம் ஊரில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது பாசிட்டிவ்தான். ஒருமுறை வந்த சிஎம்வி, மஜ்ஜையின் முன்னோடி செல்களுக்குள்ளேயே பதுங்கிக்கிடக்கும். தங்கைக்கும் பாசிட்டிவ் என்றால், அவர் உடலில் இருப்பதே எதிர்ப்பாற்றல் இறங்கிய நேரத்தில் தலைதூக்கலாம். அதனால் ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் 100 நாள் வரையாவது வாராவாரம் பிசிஆர் (ரத்தத்தில் வைரஸைத் தேடும் சோதனை) பார்ப்பார்கள். ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள். வைரஸ் ஏறினால் கொடுக்கும் கான்சைக்ளோவிர் மருந்து, புதிதாக ஊன்றிய மஜ்ஜையையும் அமுக்கி, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில்லைக் குறைக்கும். அது 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவதா, ஃபாஸ்கார்னெட் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று டாக்டர் முடிவெடுப்பார். மாற்றினால் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டெம் செல்லை இளமையாக வைக்க மாத்திரை உண்டா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கிடையாது. டெங்கு மறுபடி வராமல் பாருங்கள்; அதில் 4 வகை உண்டு, வேறு வகை வந்தால் இரண்டாம் முறை கடுமையாகலாம். டிரம்மில் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.