கொழு தேய்ந்த கலப்பையும் அடிக்கடி முறியும் போல்ட்டும்

கேள்வி: கொடிகாமம் பக்கம் வயலும் கொஞ்சம் மேட்டுத் தறையும் செய்கிறேன். ட்ரக்டருக்குப் பூட்டும் உளிக் கலப்பையின் கொழுக்கள், அதாவது மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனைகள், தேய்ந்து கட்டையாகிவிட்டன. அதைவிடப் பெரிய தலையிடி, கொழுவைப் பிடிக்கும் போல்ட்டுகள் உழும்போதே முறிந்து விழுவதுதான். மாரி உழவுக்கு முன் எல்லாவற்றையும் மாற்ற யோசிக்கிறேன். இன்னும் கெட்டியான போல்ட் போட்டால் சரிவருமா? கொழுவை, அதைத் தாங்கும் கலப்பைக் காலோடு வெல்ட் பண்ணிவிடு என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: வெல்ட் பண்ணும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். கலப்பைக் கால் பதம் ஏற்றிய உருக்கு. வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிறகு ஒரு கல்லில் மோதினால் கொழு தப்பி, கால் வெடிக்கும். கொழு காசுக்குக் கிடைக்கும் சாமான். கால் அப்படியல்ல, விலையும் பல மடங்கு.

இனி போல்ட்டுக்கு வருவோம். முறிந்த போல்ட்டை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாக, சில வேளை கறளும் பிடித்து, மறுபக்கம் மட்டும் புதுசாகச் சொரசொரப்பாக இருந்தால் அந்த போல்ட் அன்றைக்கு முறியவில்லை. முன்பே வெடிப்பு விழுந்து, உழவுக்கு உழவு வெடிப்பு வளர்ந்து, மிச்சமிருந்த துண்டு கடைசியாகப் போயிருக்கிறது. இதற்குக் காரணம் தளர்வு. முகம் முழுவதும் ஒரே மாதிரி, போல்ட்டும் வளைந்திருந்தால் கல்லிலோ பழைய அத்திவாரத்திலோ அடிபட்டது. உங்கள் பக்கம் மணற்பாங்கான நிலம். அடிக்கடி முறிகிறது என்றால் முதலாவது காரணத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கொழுவில் வரும் இழுவையை போல்ட்டின் உடம்பு தாங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது கொழுவும் காலும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றன. அந்தப் பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. பிடி விட்டால் கொழு ஆடத் தொடங்கும், ஒவ்வொரு மண்கட்டிக்கும் போல்ட்டை வெட்டிப் பார்க்கும். இரண்டு போல்ட்டில் ஒன்று தளர்ந்தால் மற்றதன் மேல் முழுப் பாரமும் ஏறும். ஆகவே கெட்டியான போல்ட் போட்டாலும் தளர்வு இருந்தால் அதுவும் போகும், சற்றுப் பிந்திப் போகும், அவ்வளவுதான்.

கழற்றும் வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரோலிக்கில் தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே கை வைக்க வேண்டாம். இரு பக்கமும் தட்டையாக அறுத்த பனங்குற்றிகளை அடியில் வைத்து, கலப்பையை அவற்றின் மேல் இறக்கி, என்ஜினை நிறுத்தி, திறப்பை எடுத்துவிடுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், சொல்லாமல் வெடிக்கும். காலுக்குப் பின்னால் சுருள் வில் இருக்கிற கலப்பை என்றால் வில்லின் போல்ட்டைத் தொடத் தேவையில்லை. கொழுவை மட்டும் கழற்றுங்கள்.

முதல் நாள் பின்னேரமே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட்டு வையுங்கள். அடுத்த நாள், நட்டை முதலில் ஒரு துளி இறுக்கி, பிறகு தளர்த்தினால் கறள் சீக்கிரம் விடும். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றுகிறதா? தலைக்குக் கீழுள்ள சதுரக் கழுத்து தேய்ந்துவிட்டது. மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் நட்டை வெட்டி எடுங்கள். பழைய போல்ட்டை எப்படியும் திரும்பப் போடப் போவதில்லையே. கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள். காய்ந்த புல்லுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

கொழு கழன்றதும் காலின் துளையை நன்றாகப் பாருங்கள், பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். வட்டமாக அல்லது சதுரமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் நீண்டிருந்தால், எந்த போல்ட்டும் அங்கே நிலைக்காது. காலின் கீழ் நுனியும் தேய்ந்து மெலிந்திருந்தால் கொழுவை மிகவும் பிந்தி மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தக் காலை மாற்றத்தான் வேண்டும். கொழுவின் தேய்மானம் போல்ட் தலையை நெருங்குவதற்கு முன்பே மாற்றிவிட்டால் இந்தச் செலவு வராது. இரு முனையும் கூரான கொழு என்றால் ஒரு முனை தேய்ந்ததும் தலைகீழாகப் பூட்டலாம். ட்ரக்டர் சில்லு மிதித்துப் போகும் தடத்தில் வருகிற கொழுக்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். அவற்றை இடையிடையே இடம் மாற்றி ஓடுங்கள்.

போல்ட் வாங்க பழையதைக் கையோடு கொண்டு போங்கள். தலை தட்டையாக, கழுத்து சதுரமாக இருக்கும் கலப்பை போல்ட்தான் வேண்டும். அறுகோணத் தலை கொழுவின் முகத்தில் துருத்திக்கொண்டு நின்று மண்ணில் தேய்ந்து போகும். மில்லிமீற்றர் போல்ட் என்றால் அதன் பலத்தைக் காட்ட, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். அங்குல போல்ட் என்றால் மூன்று கோடு அல்லது ஆறு கோடு. ஒன்றுமே இல்லாத தலை கதவுக்குச் சரி. அரை அங்குலமும் 12 மில்லிமீற்றரும் பெரும்பாலும் ஒரே 19 ஆம் நம்பர் சாவிக்குப் பிடிக்கும், அதனால் கடையிலும் மாறிப் போகும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், நட்டு ஏறும் திருகுப் புரியும் வேறு. அரை அங்குலத் துளைக்குள் 12 மில்லிமீற்றர் போல்ட் ஆடும். அரை அங்குல நட்டை 12 மில்லிமீற்றர் போல்ட்டில் ஏற்றினால் இறுகியது போலக் காட்டி வயலில் கழலும்.

பூட்டும்போது கொழுவின் முதுகையும் காலின் முகத்தையும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். கறளோ புதுக் கொழுவின் தடித்த பெயின்ட்டோ இடையில் இருந்தால், உழும்போது அது நசிந்து அந்த அளவுக்கு போல்ட் தளரும். 8.8 ரக 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு, ஒரு அடி நீளச் சாவியின் நுனியில் ஏறத்தாழ 28 கிலோ பாரம் கொடுக்கும் இறுக்கம் போதும். இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் உழுததும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். போல்ட் முறியும் கலப்பைகளில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்த ஒரு வேலைதான்.

கொழு நுனி தேயாமலிருக்கக் கடின உலோகத்தை வெல்டிங்கில் பூசலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மணல் நிலத்துக்குப் பூசலாம். பூட்டுவதற்கு முன், ஒரு பக்கம் மட்டும், மெல்லிய ஒரே படையாக. மறுபக்கம் தேயத் தேய நுனி கூராகவே நிற்கும். வலிகாமத்துச் செம்மண்ணில், கீழே சுண்ணக்கல் தலைகாட்டுகிற தறையில் கூலிக்கு உழுவதாக இருந்தால் பூச வேண்டாம். அந்தப் பூச்சு கல்லில் பட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

புதுக் கொழு நீளம் கூடியது, மண்ணையும் கூடுதலாக இழுக்கும். ஆகவே பழைய ஆழத்தில் லீவரை வைத்துவிட்டு ஓடாதீர்கள். பாதி புதுசு, பாதி பழசு என்று கலந்தும் பூட்ட வேண்டாம், உழவு மேடும் பள்ளமுமாக வரும். முன்வரிசைக் கால்கள் மட்டும் ஆழப் போனால் டொப் லிங்கை, அதாவது கலப்பையின் மேற்பகுதியை ட்ரக்டரோடு இணைக்கும் தண்டை, கொஞ்சம் நீட்டுங்கள்; பின்வரிசை போனால் குறுக்குங்கள். மேட்டுத் தறையில் அடி மண் இறுகியிருந்தால் ஆழ உழுவது நல்லதுதான். வயலில் அப்படிச் செய்யாதீர்கள். உழவுப் படைக்குக் கீழுள்ள அந்த இறுக்கம்தான் மாரித் தண்ணீரை வயலில் நிறுத்துகிறது. கூர்க் கொழு அதை உடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.