முட்டி மடங்காத அம்மாவுக்கு எந்த டாய்லெட்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்துவிட்டால், குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருக்கிறார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். கீழ்த்தளத்தில் ஒரே டாய்லெட், 5 அடிக்கு 3 அடி. ஒரு படி ஏறித்தான் பேசினுக்கு (குந்தி உட்காரும் பீங்கானுக்கு) போகணும். வெஸ்டர்னாக மாற்ற 30,000 ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார். பேசினுக்கு மேலே வைக்கிற, சீட்டில் துளை உள்ள கமோட் நாற்காலி 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறார் மெடிக்கல் கடைக்காரர். எதைச் செய்வது? (வாசகி, மன்னார்குடி)

பதில்: இரண்டையும் செய்யுங்கள் சகோதரி. நாற்காலியை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். தரையை உடைப்பது அப்புறம். சுவர்க் குழாய் ஆள் பாரம் தாங்காது. ஒருநாள் அது கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் அம்மாவின் இடுப்பு எலும்புக்கே ஆபத்து. இன்னொன்றையும் கவனியுங்கள்: டாய்லெட் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாரா? முட்டி வலி உள்ள பெண்கள் பலர் இதைச் சொல்வதில்லை. மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் அதிலிருந்து தொடங்கும்.

குந்தி உட்கார முட்டி 130 டிகிரிக்கு மேல் மடங்கணும். நாற்காலி உயரத்தில் உட்கார 90 டிகிரியைச் சுற்றி மடங்கினால் போதும். நாளைக்கே ஆபரேஷன் செய்துகொண்டாலும், குந்தி உட்காரக் கூடாது என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் வெஸ்டர்னுக்குப் போடும் பணம் வீணாகாது.

நாற்காலி வாங்கும்போது, இரண்டு பக்கமும் கைப்பிடி, கழற்றி மாட்டக்கூடிய வாளி, துருப்பிடிக்காத கால் இந்த மூன்றும் இருக்கணும். வாளியைக் கழற்றிவிட்டுப் பேசினுக்கு மேல் வைக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். ஒரு பக்கம் ஊன்றி எழுந்தால் கவிழும். கடைக்குப் போகுமுன் பேசினின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நாலு காலும் சிமெண்ட் தரையில் நிற்கணும். ஒரு கால் பீங்கான்மேல் ஏறினாலும் ஈரத்தில் வழுக்கும். காலடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து உலோகம் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், விலை சில பத்து ரூபாய்தான். சீட்டுக்கும் பேசினுக்கும் நடுவில் ஓர் அடிக்கு மேல் இடைவெளி இருப்பதால் தெறிக்கும். உட்காருமுன் பேசினில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டால், ஒட்டிக் காயாது, கழுவச் சுலபம்.

இப்போது வெஸ்டர்ன். க்ளோசெட் (உட்காரும் பீங்கான்) வாங்குமுன் அம்மாவை அளக்கணும். பாதம் இரண்டும் தரையில் பதிய நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை டேப் பிடியுங்கள். அதோடு ஓரிரண்டு அங்குலம் கூட்டினால் வருவதுதான் சீட் உயரம். 15 அங்குலம் வந்தால் 16, 17 போதும். முட்டி வலி என்றதும் கடையில் 19 அங்குல மாடலைக் காட்டுவார்கள். குள்ளமானவர்களுக்கு அதில் கால் தொங்கும், ஊன்றி எழ முடியாது, முக்கவும் வராது.

உங்கள் வீட்டில் பெரிய சிக்கல் அந்தப் படிதான். பேசினுக்கு அடியில் டிராப் என்ற வளைந்த குழாய் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் மேடை கட்டியிருப்பார்கள். செலவு மிச்சம் என்று அதே மேடைமேல் க்ளோசெட்டை வைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. மேடை 6 அங்குலம், க்ளோசெட் 16 அங்குலம். கால் மேடைக்குக் கீழே தரையில் ஊன்றுவதானால் மொத்தம் 22 ஆகிவிடும். மேடையை உடைத்துத் தரையைச் சமமாக்கச் சொல்லுங்கள். 30,000-த்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து டிராப். வளைந்த கழுத்தில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கிற பகுதி அது. இந்தியன் பேசினுக்கு அது தரைக்கு அடியில் தனியாக இருக்கும். வெஸ்டர்ன் க்ளோசெட்டுக்கு உள்ளேயே உண்டு. பழைய டிராப்பை எடுக்காமல் அதன்மேலேயே புதுசை மாட்டினால் இரண்டு தண்ணீர்ப் பூட்டு ஆகிவிடும். நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் மேலே ஏறி, குடுகுடுவென்று சத்தம் போட்டு, மெதுவாக இறங்கும். அடிக்கடி அடைக்கும். க்ளோசெட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. பழைய டிராப் வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள்.

பைப் தெரிந்த பிறகுதான் க்ளோசெட் வாங்கணும். கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், பின்சுவர் வழியாகப் போனால் பி டிராப். எஸ் டிராப்பில் சுவரிலிருந்து துளையின் மையம் 4, 9, 12 அங்குலம் என்று மாடலுக்கு மாடல் மாறும். பழைய பேசினின் துளை சுவரிலிருந்து தள்ளியிருந்தால் 4 அங்குல பைப்பை நகர்த்தியாக வேண்டும். மீட்டருக்கு சுமார் 2 செ.மீ. வாட்டம் (சரிவு) வேண்டும். உங்களுக்குக் கீழ்த்தளம் என்பதால் இது ஒரு நாள் வேலை. மாடியாக இருந்தால் வாட்டர் புரூஃபிங் செய்து, டைல் ஒட்டுமுன் 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்த்தே ஆகணும்.

க்ளோசெட்டின் அடியில் சிமெண்டை ரொப்பி உட்கார வைக்க விடாதீர்கள், பின்னால் கழற்றவேண்டி வந்தால் உடையும். ஸ்க்ரூ போட்டு முடுக்கி, ஓரத்தில் மட்டும் ஒயிட் சிமெண்டோ சிலிகானோ பூசினால் போதும்.

கணக்கு தோராயமாக இப்படி வரும். ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளஷ் டேங்கோடு சாதாரண க்ளோசெட் 5,000 முதல் 9,000. பைப், பெண்ட், வால்வு 2,000 - 3,000. சிமெண்ட், மணல், சொரசொரப்பான டைல் 3,000 - 4,000. கொத்தனார், சித்தாள், பிளம்பர் மூன்று நாள் கூலி 8,000. ஹெல்த் ஃபாசெட் (கழுவும் கைக்குழாய்) 700. பிடிமானக் கம்பி இரண்டு 2,000 - 3,000. ஆக 21,000 முதல் 28,000 வரை. கொத்தனார் சொன்ன தொகை அநியாயமில்லை, இவை எல்லாம் அடங்கியிருந்தால். பணம் குறைக்கணும் என்றால் க்ளோசெட்டின் அழகில் குறையுங்கள், கம்பியில் வேண்டாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் யாராலும் தள்ள முடியாது. வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள்.

வேலை நடக்கும் மூன்று நாளும் நாற்காலிக்கு வாளியை மாட்டி, அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். பிறகு இரவில் கட்டில் ஓரத்தில் உதவும். மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா முகாம்களில் கமோட் நாற்காலி இலவசமாகக் கொடுப்பதுண்டு. கலெக்டர் ஆபீஸில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் கம்பி. டவல் ராடு ஆகாது. ஒன்றரை அங்குலக் கனத்தில் ஸ்டீல் கம்பி, சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி. பூச்சோடு நிற்கும் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம். செங்கல்லுக்குள் போகும் ஆங்கர் போல்ட்தான் தாங்கும். மாட்டியதும் நீங்களே முழுப் பாரத்தோடு தொங்கிப் பாருங்கள். உயரத்தை எந்தப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். க்ளோசெட்டை ஸ்க்ரூ போடாமல் அதன் இடத்தில் வைத்து, அம்மாவை உட்கார வைத்து, எழுந்திருக்கக் கையை எங்கே நீட்டுகிறாரோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள்.